ஐஸ் பெட்டியும் தணலும்: இரண்டு இரவு கேம்பிங்குக்கு என்ன சமைப்பது?

கேள்வி இது: ஜூலை மாதம், அமெரிக்காவில் ஒரு மாநிலப் பூங்கா. வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புகிறார்கள். பெரியவர்கள் நான்கு, பிள்ளைகள் நான்கு, அதில் இருவர் சைவம். கூடாரத்துக்குப் பக்கத்தில் இரும்பு வளையம் போட்ட நெருப்புக்குழி, ஒரு மேஜை, நடக்கும் தூரத்தில் குழாய். பிரெட்டும் சிப்ஸும் தவிர உருப்படியாக என்ன சாப்பிடலாம்? நெருப்பில் சுட்ட மார்ஷ்மெல்லோவையும் சாக்லேட்டையும் இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்துத் தின்னும் ஸ்மோர்ஸ் ஏன் ஒவ்வொரு முறையும் வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் வருகிறது?

அங்கே கடையில் கிடைக்கும் அளவுகளிலேயே சொல்கிறேன்.

கேம்பிங்கில் இரண்டு விஷயங்கள் உங்கள் பேச்சைக் கேட்கவே கேட்காது. ஒன்று ஐஸ் உருகுவது, இன்னொன்று விறகு தணலாவது. மெனுவை முதலில் எழுதிவிட்டு இந்த இரண்டையும் அதற்குப் பணிய வைக்கப் பார்க்கிறவர்கள்தான் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஐஸ் எப்போது உருகும், தணல் எப்போது கிடைக்கும் என்று பார்த்து, அதற்குள் சாப்பாட்டை அடக்குங்கள்.

முதலில் ஐஸ் பெட்டி. உள்ளே இருக்கும் உணவு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 4 செல்சியஸ் அளவில், இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டு மணி நேரம்தான் தவணை. வெளியே 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டால், ஜூலை மதியத்தில் தாண்டத்தான் செய்யும், ஒரு மணி நேரம். கையால் தொட்டு "இன்னும் ஜில்லுனுதான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு டாலருக்கு ஒரு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே போடுங்கள்.

பெட்டியை முந்தின இரவே ஒரு பை ஐஸ் போட்டுக் குளிர வைத்துவிட வேண்டும். வெயில் படும் காராஜில் கிடந்த பெட்டியில் நேராக ஐஸைக் கொட்டினால், சாப்பாட்டைக் குளிர்விப்பதற்கு முன்பே பெட்டியின் சுவரைக் குளிர்விப்பதில் பாதி ஐஸ் போய்விடும். சில்லு ஐஸைவிடக் கட்டி ஐஸ் நெடுநேரம் தாங்கும், ஏனென்றால் அதே எடைக்கு அதன் மேற்பரப்பு குறைவு. இரண்டு லிட்டர் சோடா பாட்டில்கள் நான்கில் தண்ணீர் பிடித்து உறைய வையுங்கள். கழுத்துவரை நிரப்ப வேண்டாம், உறையும்போது ஒன்பது சதவீதம் பெருத்துப் பாட்டில் பிளந்துவிடும். உருகினால் அதுவே குடிநீர். மொத்தத்தில் பெட்டியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு உணவு. பார்க்க அநியாயமாகத் தெரியும், ஆனால் இரண்டு நாள் தாங்குவதற்கு அந்தக் கணக்குதான் சரி.

பானங்களுக்குத் தனிப் பெட்டி கட்டாயம். எட்டுப் பேர், அதில் நான்கு பிள்ளைகள் என்றால் ஜூஸுக்காக மட்டும் ஒரு நாளில் ஐம்பது தடவை மூடி திறக்கப்படும். கோழிக்கறி இருக்கும் பெட்டி நாளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் திறக்கக்கூடாது. இரண்டையும் நிழலில் வையுங்கள். நிழல் நகரும், பெட்டியும் அதோடு நகர வேண்டும்.

அடுத்தது விறகு. வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று பலர் செய்யும் தவறு இது. விறகுக்குள் இருக்கும் பூச்சி புதுக் காட்டுக்குப் போய்விடும். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று இப்படித்தான் மாநிலம் மாநிலமாகப் பரவிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. நியூயார்க் மாநிலத்தில் வெப்பமூட்டிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகத் தடை. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்குள் வெளியிலிருந்து கொண்டுவரும் விறகு, வெப்பமூட்டியதாகச் சான்று பெற்ற கட்டாக இருக்க வேண்டும். பூங்கா வாசலிலோ பக்கத்துக் கடையிலோ வாங்குங்கள்: ஓக், மேப்பிள், ஹிக்கரி போன்ற கடின மரமாகக் கேளுங்கள். பைன் சீக்கிரம் பிடிக்கும், பிசின் புகையோடு சீக்கிரம் தீர்ந்தும் போகும். மூட்ட உதவும், சமைக்க உதவாது. சமையலுள்ள ஒரு மாலைக்கு இரண்டு கட்டு, வெறுமனே சுற்றி உட்கார இன்னொன்று. மேற்கு மாநிலங்கள் என்றால் கிளம்பும் நாளிலேயே நெருப்புத் தடை இருக்கிறதா என்று பூங்காவின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். விறகுக்கும் கரிக்கும் தடை இருக்கும்போதும், திருகி அணைக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்பைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

அதனால் இரண்டு பர்னர் புரோப்பேன் அடுப்பு ஒன்று இல்லாமல் போக வேண்டாம். ஒரு பவுண்டு சிலிண்டர் இரண்டு பர்னரும் முழு வேகத்தில் எரிந்தால் சுமார் ஒரு மணி நேரம்தான் வரும். மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சமையல், காபி, வெந்நீர் எல்லாம் இதில். மாலைக்கு மட்டும்தான் நெருப்புக்குழி.

வெள்ளி மாலை சமைக்காதீர்கள். போக்குவரத்து நெரிசலில் மாட்டி ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்து, கூடாரம் அடித்து முடிக்கும்போது இருட்டிவிடும். விறகு தணலாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் சுட்ட சப்பாத்தி 25, எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சிய தக்காளித் தொக்கு, வெங்காயம், வெள்ளரிக்காய், வேண்டுவோருக்குச் சீஸ். சுருட்டிக் கையில் கொடுத்துவிடலாம், தட்டு கழுவும் வேலையும் இல்லை. புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போகிற வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் வெந்த சோற்றில் பிழைத்திருக்கும் பாசிலஸ் சீரியஸ் கிருமி, வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் சந்தோஷமாகப் பெருகும். அது விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டிலில் எடுத்துப்போய், சோற்றை அங்கேயே வடியுங்கள். சனி மதியத்துக்கு அது பிரமாதமாகப் பொருந்தும்.

சனி காலைக்கு உப்புமா. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், ஏரிக்கரைக் குளிரில் அவர்களே இரண்டாம் முறை கேட்பார்கள். அரை கிலோ ரவையை வீட்டிலேயே வறுத்து, ஐந்து டேபிள்ஸ்பூன் நெய்யில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, முந்திரி, காய்ந்த மிளகாய் தாளித்து, கறிவேப்பிலையை மொறுமொறுவென்று பொரித்து, எல்லாவற்றையும் ரவையில் கலந்து ஆற வைத்துப் பையில் போட்டு மூடுங்கள். அங்கே ஏழரை கப் தண்ணீர், இரண்டரை டீஸ்பூன் உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். தளதளவென்று கொதித்த பிறகுதான் ரவையைத் தூவ வேண்டும். காற்று அடிக்கும் இடத்தில் பாத்திர ஓரம் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும், அதைக் கொதி என்று நம்பிக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். அடுப்பின் காற்றுத் தடுப்புகளை நிமிர்த்திவிட்டு, மூடி போட்டுக் கொதிக்க விடுங்கள்.

உயரமான இடம் என்றால் இன்னொரு சிக்கல். கலிஃபோர்னியாவின் துவாலமி மெடோஸ் போல 8,600 அடியில் தண்ணீர் சுமார் 91 செல்சியஸிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வெகுநேரம் கொதித்தாலும் குழையாமலே நிற்கும். அங்கே சாம்பார் வேண்டுமென்றால் சின்னக் குக்கர் எடுத்துப் போங்கள், கேஸ் அடுப்பில் மட்டும் வையுங்கள். விறகு நெருப்பில் குக்கர் வைத்தால் கேஸ்கட்டும் கைப்பிடியும் தப்பாது.

இனி சனி இரவு. மொத்தப் பயணமும் இதற்காகத்தான்.

எரியும் ஜுவாலையில் சமைக்காதீர்கள். படத்தில் அழகாக இருக்கும், நாக்கில் புகைக்கரியாகத்தான் இருக்கும். ஐந்தரை மணிக்கே குழியின் ஒரு பாதியில் நெருப்பை மூட்டுங்கள். ஆறரைக்குக் கட்டைகள் உடைந்து, மேலே சாம்பல் பூத்து, உள்ளே சிவந்த கங்குகளாகியிருக்கும். அவற்றை இரும்புக் கரண்டியால் மறு பாதிக்குத் தள்ளி, அதன்மேல் கம்பித் தட்டைக் கொண்டுவாருங்கள். முதல் பாதியில் புதுக் கட்டை எரிந்துகொண்டே இருக்கட்டும். கங்கு தீரத் தீர அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம். சூடு எவ்வளவு என்று அறிய, தட்டுக்கு மேலே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடியில் கையை எடுக்க வேண்டியிருந்தால் கடும் சூடு. நான்கைந்து நொடி தாங்கினால் நடுத்தரம், கோழிக்கு அதுதான் வேண்டும். துருப்பிடித்த பொதுத் தட்டைச் சூடேற்றி, கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், உதிர்ந்த கம்பி இழை கறியோடு தொண்டைக்குள் போன கதைகள் மருத்துவ இதழ்களில் உண்டு.

அசைவம் சாப்பிடும் ஆறு பேருக்கு டிரம்ஸ்டிக் பன்னிரண்டு, சுமார் மூன்றரை பவுண்டு. ஆழமாக இரண்டு கீறல். கெட்டித் தயிர் ஒரு கப், இஞ்சி பூண்டு விழுது இரண்டு டேபிள்ஸ்பூன், காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒன்றரை டேபிள்ஸ்பூன், மல்லித்தூள் நான்கு டீஸ்பூன், மிளகுத்தூள் இரண்டு டீஸ்பூன், மஞ்சள் ஒரு டீஸ்பூன், உப்பு மூன்றரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். எலுமிச்சையை இப்போது சேர்க்காதீர்கள். இரண்டு நாள் புளிப்பில் கிடந்தால் கறி மாவு போலாகிவிடும், பரிமாறும்போது பிழிந்தால் போதும். சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம், கறி வேகும் முன் அது கருகிவிடும். ஜிப் பைகள் இரண்டில் தட்டையாகப் பரப்பி, வியாழன் காலையே உறைய வைத்துவிடுங்கள். வெள்ளியன்று இது ஐஸ் கட்டியாக வேலை செய்யும், சனி மாலைக்குள் இளகியிருக்கும். கசிந்தால் மற்றவற்றின் மேல் சொட்டாதபடி பெட்டியின் அடியில் வையுங்கள்.

கங்கின் மேல் எல்லாப் பக்கமும் நிறம் பிடிக்கும்வரை ஐந்தாறு நிமிடம், பிறகு கங்கு குறைந்த ஓரத்துக்குத் தள்ளி அரை மணி நேரம், அடிக்கடி திருப்பியபடி. வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, மிளகாயும் மஞ்சளும் பச்சைக் கறியையே வெந்ததுபோல் காட்டும். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பாதுகாப்புக்கு 165 ஃபாரன்ஹீட் போதும். ஆனால் கால் கறி 180ஐத் தொட்டால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். பையில் மிஞ்சிய மசாலாவை வெந்த கறிமேல் பூசாதீர்கள், அது பச்சைக் கோழி ஊறியது.

சைவப் பிள்ளைகளுக்குக் கடைசி நேரத்தில் ஒரு வெஜ் பர்கரை நீட்டாதீர்கள். அவர்களுக்கும் ஒரு விசேஷம் வேண்டும், அலுமினியத் தாள் பொட்டலம் அதற்குச் சரி. கனமான தாளை இரட்டையாக விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலை ஒன்று போடுங்கள். கருகினால் அந்த இலைதான் கருகும். அதன்மேல் வீட்டில் ஐந்து நிமிடம் வேகவைத்து வந்த உருளைக்கிழங்குத் துண்டுகள், பன்னீர், குடைமிளகாய், வெங்காயம், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், கரம் மசாலா, ஆவிக்கு ஓர் ஐஸ் துண்டு. ஓரங்களை இரண்டு மடிப்பாக இறுக்கி, நடுத்தரக் கங்கில் இருபது நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி. பச்சை உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாகப் போடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை: பன்னீர் ரப்பராகியிருக்கும், கிழங்கு நறநறக்கும். புளியும் தக்காளியும் தாளை அரிக்கும், அவற்றைச் சாப்பிடும் தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஆவி அடித்துச் சுடாமல் இருக்க, பொட்டலத்தை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பிரிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சோளம் மெரினாவில் விசிறி விசிறிச் சுடும் முற்றின கதிர் போல அல்ல; அமெரிக்க இனிப்புச் சோளம் இளசு. தோலை உரித்துத் தட்டின் மேல் போட்டு, உருட்டி உருட்டி எட்டுப் பத்து நிமிடம். உப்பு, மிளகாய்த்தூளில் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்தால் முடிந்தது.

டச் அவன் இருந்தால் இனிப்பும் அங்கேயே. தம் பிரியாணிக்குச் சட்டி மூடியின் மேல் தணல் அள்ளிப் போடுவோமே, அதே தத்துவம்தான்: காலுள்ள கனத்த இரும்புச் சட்டி, விளிம்பு உயர்ந்த மூடி. 12 அங்குலச் சட்டியில் சுமார் 350 ஃபாரன்ஹீட் வேண்டுமென்றால் விட்டத்தின் இரு மடங்கு, அதாவது 24 கரிக்கட்டிகள். மேலே 15, கீழே 9. இது கடையில் விற்கும் ஒரே அளவு பிரிக்கெட் கரிக்கான கணக்கு. விறகுக் கங்கைக் கொண்டு இப்படி எண்ணிச் செய்ய முடியாது. சட்டியில் பேக்கிங் தாள் விரித்து, 29 அவுன்ஸ் பீச் டின் இரண்டு (ஒன்றின் சாற்றை வடித்துவிட்டு), அதன்மேல் ஒரு பெட்டி மஞ்சள் கேக் மாவைச் சமமாகத் தூவி, நான்கு அவுன்ஸ் வெண்ணெயை உருக்கி எல்லா இடத்திலும் படும்படி ஊற்றுங்கள். கிளறக்கூடாது. நாற்பத்தைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமாகவும் மூடியை எதிர்ப்பக்கமாகவும் கால் சுற்றுத் திருப்புங்கள், ஒரே இடத்தில் கரி நின்று கருகாது. வெள்ளை மாவுத் திட்டு தெரிந்தால் அங்கே வெண்ணெய் படவில்லை என்று அர்த்தம், மிச்சச் சாற்றில் இரண்டு கரண்டி விடுங்கள். அடி கருகினால் கரி கீழே அதிகம். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

இப்போது ஸ்மோர்ஸ். 1927இல் கேர்ள் ஸ்கவுட்ஸ் கையேட்டில் "சம் மோர்" என்ற பெயரில் அச்சான செய்முறையில் எட்டுப் பேருக்கு 16 கிரஹாம் பிஸ்கட், 8 சாக்லேட், 16 மார்ஷ்மெல்லோ. உங்கள் கூட்டமும் எட்டு. ஆனால் பெயரே "இன்னும் கொஞ்சம்" என்பதால் மார்ஷ்மெல்லோவை மட்டும் இரட்டிப்பாக எடுத்துப் போங்கள். பாதி கீழே விழும், கால்வாசி தீப்பிடிக்கும்.

வெளியே கரி, உள்ளே பச்சை என்ற உங்கள் குறைக்குக் காரணம், ஜுவாலைக்குள் நீட்டுவதுதான். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரை, ஜெலட்டின், நிறையக் காற்று. காற்று சூட்டை எளிதில் கடத்தாது. ஆகவே மேல்தோல் ஒரு நொடியில் எரிந்துவிடும், நடுவில் சூடே போய்ச் சேராது. ஜுவாலை இல்லாத சிவந்த கங்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நான்கைந்து அங்குலம் மேலே பிடித்து நிற்காமல் உருட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதலில் உப்பலாகும், பிறகு பொன்னிறம் வரும், கடைசியில் கம்பியில் தளர்ந்து லேசாகச் சரியும். அந்தச் சரிவுதான் உள்ளே இளகியதற்கு அடையாளம். பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்பது உண்மை. எரிந்ததையே விரும்பித் தின்பவர்களும் உண்டு, அவர்களோடு வாதம் வேண்டாம்.

சாக்லேட் உருகாததற்குக் காரணம் வேறு. ஐஸ் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைக்கிறீர்கள். கோகோ வெண்ணெய் உருகச் சுமார் 34 செல்சியஸ் போதும், ஆனால் ஜில்லென்ற கட்டியை அங்கே கொண்டுவர ஒரு மார்ஷ்மெல்லோவின் சூடு பற்றாது. பிஸ்கட்டின் மேல் சாக்லேட்டை வைத்து, சுடத் தொடங்கும்போதே நெருப்பு வளையத்தின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஹெர்ஷேயின் 1.55 அவுன்ஸ் பட்டையில் பாதி ஒன்றுக்குப் போதும், மெல்லியது என்பதால் சீக்கிரம் இளகும். கனத்த டார்க் சாக்லேட் சுவை அதிகம், உருகுவது தாமதம்.

சைவப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் இருப்பது விலங்கு ஜெலட்டின், அமெரிக்காவில் பெரும்பாலும் பன்றியிலிருந்து. டேண்டீஸ் போன்ற வீகன் வகைகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், பூங்காக் கடையில் கிடைக்காது. இல்லாவிட்டால் தோலுரிக்காத வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறி, சாக்லேட் துண்டுகளைச் செருகி, தாளில் சுற்றிக் கங்கில் எட்டுப் பத்து நிமிடம். பாதிப் பேர் ஸ்மோர்ஸை விட்டுவிட்டு இதற்கு வருவார்கள்.

குச்சி விஷயத்தில் அலட்சியம் கூடாது. பக்கத்துப் புதரில் ஒடித்த கிளை வேண்டாம். கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் சாலையோரமெல்லாம் அரளி. மூன்றடி நீள எஃகுக் கம்பிகளை வாங்கிவிடுங்கள். தீப்பிடித்த மார்ஷ்மெல்லோவைப் பதறி வீசக்கூடாது, ஊதி அணைக்கச் சொல்லுங்கள். வீசினால் கம்பியிலிருந்து பறந்து யார் கையிலாவது ஒட்டும், சூடான சர்க்கரை துடைத்தால் போகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

தூங்கும் முன் மேஜையில் ஒரு பிஸ்கட் துகள்கூட இருக்கக்கூடாது. ரக்கூன் ஐஸ் பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்துவிடும், மிகைப்படுத்தவில்லை. பல பூங்காக்களில் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டினால் போதும். கரடி இருக்கும் யோசெமிட்டியில் இரவில் காருக்குள் வைக்கவே கூடாது, இரும்பு உணவுப் பெட்டகத்தில்தான். பற்பசையும் சன்ஸ்கிரீனும் அதில் சேர்த்தி, வாசனை எல்லாமே உணவுதான் கரடிக்கு. மழை வந்தாலும் கரியையோ அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர்கள் எழ மாட்டார்கள்.

ஞாயிறு காலை ஐஸ் பெட்டியில் என்ன மிஞ்சியதோ அதுதான் மெனு: முட்டை, பிரெட், சீஸ், வெங்காயம். தெர்மாமீட்டர் 40ஐத் தாண்டியிருந்தால் மிச்சக் கோழியைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். நீளப்பிடி இரும்பு டோஸ்டர் இருந்தால் வெண்ணெய் தடவிய பிரெட்டுக்குள் உருளைக்கிழங்கு மசாலாவை வைத்து, அடுப்பின் சின்னத் தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். கிளம்புவதற்கு முன் குழியில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தெரியாவிட்டால் சாம்பலைத் தொட்டும் பாருங்கள். சுடுகிறதென்றால் இன்னொரு வாளி.